ஜெனிஷாவிடம் சொல்லாத சர்க்கரை

அன்புள்ள சஜின்,

இதை வாட்ஸாப்பில் அனுப்பலாமா என்றுதான் முதலில் யோசித்தேன். அனுப்பினால் வேலைக்கு நடுவில் பாதி வாசித்து, ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டு, மீதியை அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிடுவாய். பக்கத்து வீட்டு அஜின் விடுமுறை முடிந்து செவ்வாய்க்கிழமை மஸ்கட்டுக்குத் திரும்புகிறான். உன் அம்மா கட்டிக்கொடுக்கும் பொதியோடு இந்தக் காகிதங்களும் அவன் பெட்டியில் வருகின்றன. எனக்குச் சுற்றி வளைத்துப் பேசுகிற பழக்கம் உண்டு என்பது உனக்குத் தெரியும். ஆகையால் சொல்லவேண்டியதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். உன் ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருக்கிறது. அது உனக்கும் எனக்கும் உன் அம்மாவுக்கும் தெரியும். உன்னோடு ஒரே வீட்டில் இருந்து, உனக்கு மூன்று வேளையும் சமைத்துப் போடுகிற ஜெனிஷாவுக்குத் தெரியாது. நீ அவளிடம் சொல்லவேண்டும். இனி எழுதப்போவதெல்லாம் அதற்கான காரணங்களும், சாப்பாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்த கொஞ்சமும்தான். தெரிந்தது என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. நான் மருத்துவன் அல்ல, கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன். தப்பாக எதையாவது எழுதியிருந்தால் உன் மருத்துவரிடம் கேட்டுத் திருத்திக்கொள்.

கல்யாணத்துக்காக நீ வந்த அன்று, திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து வரும் வழியில், களியக்காவிளை தாண்டியதும் உன் போனை என் கையில் தந்து, "அப்பா, இத ஒண்ணு பாருங்க" என்றாய். விசா புதுப்பிப்பதற்காக எடுத்த பரிசோதனையின் முடிவு. வெறும் வயிற்றுச் சர்க்கரை எல்லையைத் தாண்டி நின்றது. கடந்த மாதங்களின் சராசரியைக் காட்டும் சோதனையும் அப்படியே. ஈரலில் கொழுப்பு என்று ஒரு வரி. மாத்திரை இப்போதைக்கு வேண்டாம், சாப்பாட்டையும் நடையையும் ஒழுங்குபடுத்திக்கொண்டு மூன்று மாதம் கழித்து வா என்று அங்குள்ள மருத்துவர் சொல்லியிருந்தார். நீ அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாய். நான் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மறுபடியும் மறுபடியும் அதையே வாசித்துக்கொண்டு வந்தேன். முப்பத்திரண்டு வயதில் அந்தக் காகிதம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எனக்கு அது ஐம்பதைத் தாண்டித்தான் வந்தது. என்னிடமிருந்து உனக்கு வந்ததோ என்ற எண்ணம் அன்று முதல் என்னை விடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் உன் அம்மாவிடம் சொன்னோம். அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவுவதை நிறுத்தவேயில்லை. "ஓலை வாசிச்சாச்சு. மண்டபத்துக்கு முன்பணம் குடுத்தாச்சு. இனி சுகரு கிகருன்னு செல்லி ஊரக் கூட்டப் போறியளா? கல்யாணம் கழியட்டு, பெறவு செல்லலாம்" என்றாள். நீயும் தலையாட்டினாய். பெண் வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாமே என்று என் வாய்வரைக்கும் வந்தது. கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசித்து, யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று சபையைக் கேட்கிறார்களே, அந்தக் கேள்விக்கு உள்ளே இதுவும் வருமோ என்றுகூட யோசித்தேன். யோசித்ததோடு சரி. என் குணம் அது. ஒரு காரியத்தை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்து முடிப்பதற்குள் அந்தக் காரியம் நடந்து முடிந்துவிடும்.

உனக்கு வந்திருப்பது என்ன என்பதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். நாம் தின்னும் சோறும் கிழங்கும் மாவும் பழமும் கடைசியில் சர்க்கரையாகி ரத்தத்தில் இறங்குகின்றன. அதை வாங்கிவைக்க உடம்பில் இரண்டு கிடங்குகள் உண்டு. ஒன்று தசை, மற்றது ஈரல். நடந்தால், பாரம் தூக்கினால், படியேறினால் தசையின் கிடங்கு காலியாகி அடுத்த லோடுக்கு இடம் கொடுக்கும். காலையிலிருந்து குளிர்சாதன அறையில் நாற்காலியில் இருந்துவிட்டு, காரில் வீட்டுக்கு வந்து, சோபாவில் சாய்பவனுக்கு அந்தக் கிடங்கு எப்போதும் நிறைந்தே கிடக்கும். வருகிற சர்க்கரை வாசலில் காத்துக்கிடக்கும். ஈரல் தன்னால் முடிந்த அளவு அதைக் கொழுப்பாக்கி ஒதுக்கிவைக்கும். ஒதுக்கிவைத்தது நிறைந்தால் ஈரலும் கைவிரிக்கும். உன் பரிசோதனையில் இருந்த அந்த இரண்டு விஷயங்களும் ஒன்றோடொன்று சேர்ந்தவை. இப்போதைய நிலையில் இது திரும்பக்கூடியது என்று கருங்கல் ஊரில் என்னைப் பார்க்கும் மருத்துவர் சொன்னார். உன் பெயரைச் சொல்லாமல், தெரிந்த ஒரு பையனுக்கு என்று சொல்லித்தான் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். என் முகத்தில் எதுவும் ஒளிந்திருக்காது என்று உன் அம்மா சொல்வது சரிதான்.

அவரிடம் நான் ஏற்கெனவே ஒருமுறை அசடு வழிந்தவன். எனக்குச் சர்க்கரை என்று தெரிந்த புதிதில் அவர், "சார், சோத்தக் குறைங்க" என்றார். நான் சொன்னதைச் சொன்னபடி செய்பவன். அன்றே சோற்றை நிறுத்தினேன். வீட்டில் எல்லோரும் சோறு தின்ன, நான் மட்டும் வைராக்கியமாக மரச்சீனி என்று நாம் சொல்லும் மரவள்ளிக் கிழங்கை அவித்து, வடித்து, தேங்காயும் பச்சைமிளகாயும் அரைத்துச் சேர்த்து, சாளைக் கறியும் ஊற்றித் தின்றேன். கடியப்பட்டணத்திலிருந்து மீன் கொண்டுவரும் அக்கா அந்த நாட்களில் நம் வீட்டுக்குக் கூடுதலாகவே மீன் போட்டாள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் சர்க்கரை முன்னைவிட ஏறியிருந்தது. மருத்துவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்.

"காலத்த என்ன சாப்பிடுவிய சார்?"

"கெழங்கு."

"மத்தியானம்?"

"கெழங்கும் மீன்கறியும்."

"அப்பம் ராத்திரி?"

"கெழங்குதான் டாக்டர். சோறு கையாலகூடத் தொடல்ல."

"நல்லா இருக்கு சார். சோத்த அடிச்சு வெரட்டிட்டு, அதுக்க அண்ணன வீட்டுக்குள்ள கூட்டி வச்சிருக்கிய."

மாவுச்சத்து என்பது சர்க்கரை மூலக்கூறுகளின் நீண்ட சங்கிலி என்று வருஷா வருஷம் கரும்பலகையில் வரைந்தவன் நான். அந்தக் கரும்பலகைக்கும் என் தட்டுக்கும் நடுவில் எனக்கு எந்தத் தொடர்பும் தெரியவில்லை. நம் பக்கத்தில் சோறு என்றால்தான் சாப்பாடு. கிழங்கு ஏதோ சாயங்காலத்துக் கொறிப்பு மாதிரி, கணக்கில் வராது. ஏத்தம்பழமும் அப்படித்தான், பழம்தானே என்போம். சிவப்பாக இருப்பதால் சம்பா அரிசிச் சோறு எவ்வளவு தின்றாலும் ஒன்றும் செய்யாது என்று நினைப்போம். நீ கல்யாணத்துக்கு வந்திருந்தபோது, "சோறு வேண்டாம்மா, கெழங்கு தாங்க" என்று கேட்டதை நான் காதால் கேட்டேன். உன் அம்மா மகிழ்ந்துபோய் ஒரு மலை அளவுக்குப் போட்டாள். மலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணம் கழிந்து விருந்துகள் தொடங்கின. நம் ஊரில் புது மாப்பிள்ளையையும் பெண்ணையும் உறவுக்காரர் ஒவ்வொருவரும் அழைத்துச் சோறு போட்டால்தான் கல்யாணம் முடிந்ததாகக் கணக்கு. நீங்கள் இருவரும் கைவைத்தால்தான் மற்றவர்கள் உண்ணலாம். நீங்கள் மறுத்தால் அந்த வீட்டின் கை மறுக்கப்பட்டது போலாகிவிடும். காலையில் ஒரு வீட்டில் ஆப்பமும் கோழிக்கறியும், மத்தியானம் இன்னொரு வீட்டில் சோறும் இறைச்சியும் பிரதமன் பாயசமும், சாயங்காலம் வரும் வழியில் மூன்றாவது வீட்டில் "சும்மா ஒரு சாயா" என்று சொல்லி முந்திரிக்கொத்தும் அச்சப்பமும் நிறைந்த தட்டு. நீ ஒன்றையும் மறுக்கவில்லை. பாயசத்தில் பழத்தைப் பிசைந்து நீ வழித்துச் சாப்பிடும்போது ஜெனிஷா உன்னைப் பார்த்துச் சிரித்தாள். உனக்குப் பிடித்தது எது என்று மனதுக்குள் குறித்துக்கொள்ளும் சிரிப்பு அது. அதைப் பார்த்துத்தான் எனக்கு அதிகம் பயம் வந்தது.

திற்பரப்பில் என் அக்கா வீட்டில், அதுதான் உன் மாமி வீட்டில், நடந்த விருந்தைப் பற்றி நாம் இதுவரை பேசவில்லை. நீ பேச விரும்பவில்லை, எனக்குத் தைரியம் இல்லை. அன்று காலையில் நீ ஒன்றும் சாப்பிடவில்லை. "மத்தியானம் மாமி கொன்னுருவா, அதுக்கு எடம் வேணும்" என்றாய். விருந்துக்கு முன்னால் பட்டினி கிடந்தால் கணக்குச் சரியாகிவிடும் என்று உன் தலைமுறையில் பலர் நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. புறப்படுவதற்கு முன் என் சர்க்கரை மாத்திரையை எடுக்கப் போனபோது அட்டையில் ஒரு குழி கூடுதலாகக் காலியாக இருந்தது. நான் ஒழுங்காக எடுப்பவன். ஆனாலும் என்னைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். வயதாகிறது, நேற்று இரண்டு தடவை போட்டுவிட்டேனோ, மயக்கம் வருமோ என்று பயந்து சட்டைப் பையில் இரண்டு மிட்டாய்களையும் போட்டுக்கொண்டு காரில் ஏறினேன். நீ எடுத்திருப்பாய் என்று தோன்றவே இல்லை.

மாமி வீட்டில் இலை போட்டாகிவிட்டது. ஆனால் போதகர் வரவில்லை. அவர் வராமல் மாமா கைவைக்க விடமாட்டார். வெளியே காலையிலிருந்தே தூறிக்கொண்டிருந்தது. போதகரின் வண்டி வழியில் நின்றுவிட்டதாம். கடைசியில், அவர் வருவதற்குள் நாமே ஜெபித்துவிடுவோம் என்று மாமா எழுந்தார். மாமாவின் ஜெபம் எப்படி என்று உனக்குத் தெரியும். மரித்தவர்களில் தொடங்கி, வளைகுடாவில் இருப்பவர்கள் ஒவ்வொருவரையும் நாடு வாரியாகக் கடந்து, வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருப்பவர்கள் வழியாக வந்துதான் ஆகாரத்தை ஆசீர்வதிப்பார். நான் கண்ணைத் திறந்து உன்னைப் பார்த்தேன். உன் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. கை நடுங்கியது. ஜெனிஷா உன் தோளைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டாள். நீ சம்பந்தமில்லாமல், "அங்க வண்டி நிக்குதா?" என்றாய். உன் கண் எதிலும் நிற்கவில்லை.

"கண்ணு பட்டுது," என்றாள் மாமி. "புதுமாப்பிள்ளைக்கு ஊரு கண்ணு முழுசும் பட்டிருக்கு."

"கண்ணுமில்ல, மூக்குமில்ல. எல்லாரும் கண்ண மூடுங்க, விசேஷமா ஒரு வார்த்த ஜெபிப்போம்," என்று மாமா மறுபடியும் தொடங்கினார்.

அந்த நேரத்தில்தான் காலியான குழி எனக்கு ஞாபகம் வந்தது. சாப்பிடாமல் அந்த மாத்திரையைப் போட்டால் என்ன ஆகும் என்பதை எனக்கு அதை எழுதிக்கொடுத்த அன்றே மருத்துவர் இரண்டு தடவை சொல்லியிருந்தார். அறுபத்தெட்டு வருஷ வாழ்க்கையில் நான் ஒரு ஜெபத்தைக் குலைத்ததில்லை. அன்று எழுந்தேன். மிட்டாயை உரித்துக்கொண்டிருக்க நேரமில்லை. அடுக்களையில் ஆறிக்கொண்டிருந்த பிரதமனில் ஒரு தம்ளர் மொண்டு கொண்டுவந்து உன் தாடையைப் பிடித்துக் குடிக்கவைத்தேன். நீ விழுங்கினாய். கொஞ்சம் உன் சட்டையிலும் கொஞ்சம் என் கையிலும் வழிந்தது. எல்லோரும் கண்ணைத் திறந்துவிட்டார்கள்.

"லேய் தம்பி," என்றாள் என் அக்கா, "ஆமேன் செல்லுததுக்கு முன்ன பாயசமாலே? ஒனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு?"

"கோளாறு ஒண்ணுமில்ல அக்கா. வயறு காஞ்சிருக்கு. சோறு போடு."

"அத முன்னயே செல்லப்பிடாதா? இந்த மனுசன் ஜெபத்துல அமெரிக்கா வரைக்கும் போயிட்டுத்தான வருவாரு!"

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்துவிட்டு அவசரமாக ஆமேன் சொன்னார். சிறிது நேரத்தில் உன் முகத்துக்கு நிறம் வந்தது. நீ வெட்கப்பட்டாய். விருந்து நடந்தது. ஆனால் எனக்கு அன்று முழுவதும் நிம்மதி இல்லை. அந்த மாத்திரை ஒரு தடவை இறக்கிவிட்டு ஓய்வதில்லை, பல மணி நேரம் உள்ளே வேலை செய்யும். சாயங்காலம்வரை கடலை, வாழைப்பழம், கஞ்சி என்று ஏதாவது ஒரு சாக்கில் உன் வாயில் எதையாவது போட்டுக்கொண்டே இருந்தேனே, அதன் காரணம் இதுதான். மருத்துவமனைக்கே கொண்டுபோயிருக்கவேண்டும். கொண்டுபோனால் காரணம் வெளியே வரும் என்று தயங்கினேன்.

திரும்பும்போது ஜெனிஷாதான் காரை ஓட்டினாள். மழையில், அந்த வளைவுகளில், நிதானமாக. பின்சீட்டில் உன் காதில் மெதுவாகக் கேட்டேன். "ஒண்ணே ஒண்ணுதான்ப்பா. பாயசம் இருக்கும்னு நெனச்சு முன்னயே போட்டேன்" என்றாய். கண்ணாடியில் அவள் கண் நம்மைப் பார்த்ததை நீ கவனித்திருக்கமாட்டாய். வீட்டுக்கு வந்து நீ தூங்கிய பிறகு என்னிடம் வந்தாள்.

"மாமா, இவியளுக்கு முன்ன எப்பமாவது இப்படி வந்திருக்கா?"

"இல்ல மக்களே. வெயிலு. வெயிலு தாங்கல்ல."

அவள் சன்னலுக்கு வெளியே பார்த்தாள். தூறல் அப்போதும் நிற்கவில்லை. "சரி மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். நான் பொய் சொன்னேன் என்று தெரிந்தும் என்னை அவமானப்படுத்தக்கூடாது என்று விட்டுக்கொடுத்தாள். மாமனாருக்கு இவ்வளவு மரியாதை செய்த பெண்ணிடம் இன்னும் எத்தனை நாள் மறைப்பது?

முதலில் ஒன்று: இன்னொருவரின் மாத்திரையை இனி ஒருநாளும் தொடாதே. என்னுடையதாக இருந்தாலும், கூட வேலை பார்ப்பவனுடையதாக இருந்தாலும். மாத்திரை போட்டுவிட்டு விருந்து சாப்பிடலாம் என்ற எண்ணமே வேண்டாம். விருந்துக்கு முன்னால் பட்டினியும் வேண்டாம். காலையில் ஒன்றும் தின்னாதவன் மத்தியானம் கண்ணில் கண்டதையெல்லாம் தின்பான். புட்டு சாப்பிடு. ஆனால் பழமும் சீனியும் போட்டுப் பிசையாமல், பயறோ கடலைக்கறியோ புட்டுக்குச் சமமாக வைத்துச் சாப்பிடு. முட்டை நல்லது. அங்கே கடைகளில் கரக் சாயா என்று பாலும் சீனியும் குறுக்கித் தருகிறார்களே, அதை ஒரு நாளில் நீ எத்தனை தடவை குடிக்கிறாய் என்று எண்ணிப் பார்த்தால் நீயே பயந்துவிடுவாய். டப்பாவில் வரும் பழச்சாறும் அப்படித்தான். குடிக்கிற சர்க்கரைக்கு மெல்லுகிற வேலைகூட இல்லை, நேராக இறங்கிவிடும். பழத்தைப் பழமாகத் தின்னு. ஊரிலிருந்து மட்டிப்பழம் வந்தால் சீப்போடு உட்காராமல் ஒன்றோடு எழுந்திரு.

மத்தியானச் சாப்பாட்டில் நான் ஒரு முறையைக் கடைப்பிடிக்கிறேன். முதலில் காய்கறித் துவரனையும் அவியலையும், பிறகு மீனையும் தின்றுவிட்டு, கடைசியில் கொஞ்சம் சோற்றைக் குழம்போடு. சர்க்கரை மெதுவாக ஏறுகிறது, சோறும் தானாகக் குறைகிறது. விரலில் குத்திப் பார்த்து எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் என் ஒருவன் விரலை வைத்து உலகத்துக்கே விதி சொல்ல எனக்குத் துணிவில்லை. உன் மருத்துவர் சரி என்றால் நீயும் செய்து பார். உன் அம்மாவுக்கு இது இன்றுவரை பிடிக்கவில்லை. "சோறு இல்லாம கறி தின்னுதது அடுக்களையில களவு தின்னுத மாதிரி இருக்கு" என்கிறாள். கிழங்கும் அங்கே கிடைக்கும் குப்பூஸ் ரொட்டியும் சோறும் ஒரே குடும்பம்தான் என்று ஞாபகம் வைத்துக்கொள். மூன்றில் ஒன்றுதான் ஒரு வேளைக்குத் தட்டில் வரவேண்டும். மீனைப் பொரிப்பதைவிடக் கறி வைப்பது நல்லது. சாளையும் அயிலையும் அங்கே நன்றாகக் கிடைக்கும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். சாப்பிட்டதும் படுக்காமல் கொஞ்சம் நட. வெளியே வெயில் கொளுத்தினால் கட்டடத்துக்குள்ளேயே நட, படியேறு. நேரத்துக்குத் தூங்கு. தூக்கம் குறைந்த மறுநாள் நாக்கு இனிப்பைத்தான் தேடும். இவையெல்லாம் உனக்குத் தெரியாதவை அல்ல, உன் போனிலேயே ஆயிரம் பேர் சொல்கிறார்கள். ஆனால் ஒரு வீட்டில் இரண்டு பேர் இருந்து, ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தால், இவற்றில் ஒன்றையும் செய்ய முடியாது. சமைப்பது அவள். உனக்குப் பிடிக்கும் என்று நினைத்துச் செய்வது அவள். நீ தட்டில் மீதம் வைத்தால், தன் சமையலில் என்ன குறை என்று தனியாக உட்கார்ந்து யோசிப்பதும் அவள்தான்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். வெள்ளிக்கிழமை தோறும், அங்கே ஆராதனை முடிந்து வந்ததும், நீ தூங்கும் நேரத்தில் அவள் என்னைக் கூப்பிடுகிறாள். உன் அம்மாவிடம் சமையல் கேட்டால், "ஒரு கை போடு மக்களே, கண்டாத் தெரியும்" என்பாள். அவளுக்கு அது போதவில்லை. வீட்டில் அளந்து பேசுகிறவன் நான் ஒருவன்தான் என்று கண்டுபிடித்துவிட்டாள். முதல் வாரம் தீயல் கேட்டாள். அடுத்த வாரம் புளிமுளம். இரண்டுக்கும் தேங்காய் எவ்வளவு, புளி எவ்வளவு என்று சந்தோஷமாகச் சொன்னேன். போன வாரம் ஏத்தம்பழப் பிரதமன் கேட்டாள். "இவியளுக்கு அதுன்னா உசிரு மாமா. திற்பரப்புல அவ்வளவு பேருக்கு முன்னால நீங்களே ஊட்டி விட்டியளே" என்றாள்.

நான் என்ன செய்திருக்கவேண்டும் என்று உனக்குத் தெரியும். நான் செய்தது இது: கருப்பட்டியின் அளவைப் பாதியாகக் குறைத்துச் சொன்னேன். பழத்தையும் குறைத்துச் சொன்னேன். மிகவும் சாமர்த்தியமாக ஒரு காரியம் செய்துவிட்டதாக நினைத்து, அன்று மத்தியானம் சற்று நிம்மதியாகக்கூடத் தூங்கினேன். மறுநாள் அவளிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. "மாமா, நீங்க செல்லித்தந்த அளவுக்கு இனிப்பு பத்தல்ல. ரண்டு மடங்கு போட்டேன். இவிய ரண்டு கிண்ணம் குடிச்சாவ!" அவள் குரலில் அவ்வளவு மகிழ்ச்சி. அதை நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். உன் அம்மாவுக்கும் போட்டுக்காட்டினேன். கல்யாணம் கழியட்டும் என்று சொன்னவள், இன்னொரு தடவை போடச் சொன்னாள். பிறகு, "அவனே செல்லட்டு. அவன் செல்லல்லேன்னா நீங்க செல்லுங்க" என்றாள். பொதியில் கட்டிவைத்திருந்த முந்திரிக்கொத்தை எடுத்துவிட்டு, வறுத்த பயறும் கொஞ்சம் நெத்திலிக் கருவாடும் வைத்தாள். கருவாட்டில் உப்பு அதிகமாயிற்றே என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

அவளிடம் என்ன சொல்லப்போகிறாய் என்று நீ பயப்படுவது எனக்குப் புரிகிறது. மறைத்துக் கட்டிவைத்துவிட்டார்கள் என்று அவள் நினைக்கலாம். அவள் வீட்டாருக்குத் தெரிந்தால் அவர்களும் அப்படியே சொல்லலாம். சொன்னால் அதில் பொய்யில்லை, நாம் மறைத்தோம்தான். அந்தப் பழியை என்மேல் போடு. அப்பா வாயைத் திறக்காதவர், எல்லாம் அவரால் வந்தது என்று சொல். அதிலும் பொய்யில்லை. அவள் அழலாம். ஒரு நாள், இரண்டு நாள் பேசாமலும் இருக்கலாம். ஆனால் மழையில் அந்த வளைவுகளில் காரை ஓட்டிக்கொண்டு வந்தவளை நான் பின்சீட்டிலிருந்து பார்த்தவன். பிடித்த சாப்பாட்டைப் போட்டுப் போட்டு உன் உடம்பைக் கெடுத்தது தான்தான் என்று இரண்டு வருஷம் கழித்து ஒரு மருத்துவமனை வராந்தாவில் அவளுக்குத் தெரியவந்தால், அதை அவளால் மன்னிக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. உன்னை அல்ல, தன்னையே.

வருகிற வெள்ளிக்கிழமை அவள் மறுபடியும் கூப்பிடுவாள். இந்த முறை நான் அளவைக் குறைத்துச் சொல்லப்போவதில்லை. என்னால் இனி முடியாது. அவள் எதைக் கேட்டாலும், அதற்கு முன் உன் பரிசோதனையில் இருந்ததை அப்படியே சொல்லிவிடுவேன். சொல்வதற்கு நாலு வாக்கியம் தயார் செய்து, அறையில் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லியும் பார்த்தேன். முதல் வாக்கியத்திலேயே குரல் உடைகிறது. ஆனாலும் சொல்லுவேன். அதற்கு முன் நீ சொல்லிவிட்டால் எனக்கு அந்த வேலை இருக்காது. நீ சொன்னாயா என்று உன்னிடம் நான் கேட்கமாட்டேன். வெள்ளிக்கிழமை போனை எடுத்ததும் அவள், "மாமா, நீங்களுமா எனட்ட மறச்சிய?" என்று சண்டைக்கு வந்தால் தெரிந்துகொள்வேன். திட்டி முடிக்கும்வரை போனைக் காதிலிருந்து எடுக்கமாட்டேன்.

அன்புடன்,
அப்பா